மச்சான் மாட்டிய சக்கரம்

கடைசியாக நாங்கள் சண்டை போட்டது ஒரு துணிக்காக. சமையலறைத் தொட்டியில் சோப்புத்தூளோடு என் சர்க்கரையையும் அள்ளிப் போட்டு, விரல் இடுக்கிலிருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிவிட்டு, என் கணவர் சுவரில் தொங்கிய வெள்ளைத் துணியில் கையைத் துடைத்தார்.

"அது பாத்திரம் துடைக்கிற துணி!"

"தெரியும். வீட்டுலயே அதுதான் சுத்தமா இருக்கு."

"இனிமே அதுல தட்டைத் துடைச்சா நீங்கதான் அந்தத் தட்டுல சாப்பிடணும்."

"சாப்பிடுறேன். இரும்புச்சத்து."

கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அத்தை, அவருடைய அம்மா, அங்கிருந்தபடியே குரல் கொடுத்தார். "என்ன, உன் சக்களத்திய இன்னைக்கு வெளிய கூட்டிட்டுப் போறானா?"

சக்களத்தி என்பது பின்பக்க ஷெட்டில் நின்ற காருக்கு அத்தை வைத்த பெயர். இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடக்கிவிடக்கூடிய பழைய பந்தயக் கார். எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. ஓடாத நிலையில் வாங்கி, ஞாயிறு ஞாயிறாகத் தானே பிரித்து, தானே பூட்டி, அதை அவர் ஓட வைத்திருந்தார். "மத்தவன் சின்ன வீட்டைத் தெருத் தள்ளி வெப்பான், என் பிள்ளை கொல்லையிலயே வெச்சிருக்கான்" என்று அத்தை வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

"சக்கரமெல்லாம் தட்டிப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். வண்டியை எடுக்கும்போதெல்லாம் நான் கேட்கும் கேள்வி அது.

"பின்னாடி ரெண்டும் பாத்தாச்சு. முன்னாடி ரெண்டும் உங்க அண்ணன் மாட்டினது. இறுக்கிட்டேன்னு மச்சான் சொன்ன பிறகு நான் போய்ச் சுத்தியலால தட்டிப் பாத்தா மனுஷனுக்கு முகம் சுண்டிடும்."

"அவர்தான் இங்க இல்லையே."

"ராத்திரி போன் பண்ணுவார். 'என்ன மாப்பிள்ளை, தட்டிப் பாத்தீங்களா'ன்னு கேப்பார். எனக்குப் பொய் சொல்ல வராது."

பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பாலத்துக்கு முன்னால் சாலை இறங்கும். அந்த இறக்கத்தில் இடப்பக்க முன் சக்கரம் தனியே கழன்று ஓடியது. வண்டி பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதியது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

இதைப் படிப்பவர்களுக்கு அந்தச் சக்கரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மற்ற கார்களைப் போல் அதில் சுற்றிலும் நாலைந்து நட்டுகள் கிடையாது. நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு, இரண்டு பக்கமும் காது வைத்தது. அந்தக் காதை ஈயச் சுத்தியலால் அடித்துத்தான் இறுக்க வேண்டும், அடித்துத்தான் கழற்ற வேண்டும். நட்டு ஏறுகிற மரை, அதாவது திருகுப் புரி, சக்கரத்தைத் தாங்கும் ஹப்பிலேயே வெட்டப்பட்டிருக்கும். இடப்பக்க ஹப்பின் மரை ஒரு திசை, வலப்பக்கத்து மரை அதற்கு எதிர்த் திசை.

எனக்கு இதெல்லாம் தெரிந்ததற்குக் காரணம் என் வேலை. நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவள், எதையும் எழுத்து விடாமல் வாசிக்கும் பழக்கம். பழுதுபார்க்கும் கையேட்டை வைத்துக்கொண்டு ஷெட்டில் ஒரு நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். நான் வாசிக்க வாசிக்க அவர் செய்வார். வேறு தம்பதிகள் சினிமாவுக்குப் போவார்கள். சக்கரத்தைப் பற்றிக் கையேட்டில் இருந்தது ஒரே விதி: வண்டி முன்னால் போகும்போது சக்கரம் எந்தப் பக்கம் சுழலுமோ அந்தப் பக்கம் காதைத் தட்டினால் நட்டு கழல வேண்டும், எதிர்ப்பக்கம் தட்டினால் இறுக வேண்டும், நான்கு சக்கரத்துக்கும் இதுவே. கேட்ட மாத்திரத்தில் தலைகீழாகப் படும். எனக்கும் பட்டது, இது அச்சுப்பிழையோ என்று கேட்டேன். வண்டிக்கடியிலிருந்து சிரித்தார். "எல்லாருக்கும் அப்படித்தான் தோணும். இப்படி மாட்டினாத்தான் ஓட ஓடத் தானா இறுகிக்கும். மாத்தி மாட்டினா ஓட ஓடக் கழலும்."

அந்த மாதம் முன் சக்கர பேரிங் இரண்டும் தேய்ந்து இரைச்சல் போட ஆரம்பித்திருந்தது. இந்த வண்டிக்காரர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு உண்டு. எந்த அளவு பேரிங் பொருந்தும் என்று அதில் கேட்டார். ஒருவர் ஒரு எண் கொடுத்தார், இன்னொருவர் அது தப்பு என்று வேறு எண் கொடுத்தார், மூன்றாமவர் வண்டியை விற்கிற எண்ணம் உண்டா என்று கேட்டார். வந்த முதல் ஜோடி மயிரிழை அளவு பெரியது. திருப்பி அனுப்பினார். இரண்டாவது ஜோடி வரும் வரை வண்டி ஜாக்கியில் நின்றது. கழற்றிய இடப்பக்க ஹப்பும் நட்டும் அந்தப் பக்கமே என் அலுமினியத் தட்டில், வலப்பக்கத்தவை வலப்பக்கம் ஒரு பிளாஸ்டிக் வாளியில். அவர் வேலை செய்கிற விதம் அது. எந்தப் பக்கத்துச் சாமானும் மறுபக்கத்தோடு கலக்காது.

சரியான பேரிங் வந்த சனிக்கிழமை அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டம். அன்றைக்குத்தான் என் அண்ணன் வந்தார். பம்பு தயாரிக்கும் ஆலையில் தலைமை இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது ஆலைக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக் குழாய், மின்விசிறி, கதவின் கீல், எதையும் அவர் சும்மா விட்டதில்லை. "மாப்பிள்ளை வர்றதுக்குள்ள முன்னாடி ரெண்டையும் மாட்டி வெச்சிடறேன்" என்று ஷெட்டுக்குள் போனார். மாலையில் என் கணவர் வந்தபோது வண்டி நான்கு சக்கரத்திலும் நின்றது. "ரெண்டும் கல்லு மாதிரி இறுக்கியிருக்கேன் மாப்பிள்ளை" என்றார் அண்ணன். "உங்க புண்ணியம் மச்சான்" என்றார் இவர்.

மறுநாள்தான் அந்தப் பாத்திரத் துணிச் சண்டை.

துக்கம் கேட்க வந்தவர்களை வாசலில் நின்று வரவேற்றது அண்ணன்தான். நான் உள்ளறையில் இருந்தேன். என்ன நடந்தது என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள், ஒவ்வொருவருக்கும் அவர் விளக்கினார். ஆரம்பத்தில் அந்தக் குரல் வெறும் இரைச்சலாக என்மேல் பட்டுப் போய்க்கொண்டிருந்தது. மெல்ல மெல்ல வார்த்தைகள் காதில் விழத் தொடங்கின.

"நான் இறுக்கிட்டுத்தான் போனேன். அப்புறம் இவர் எதையோ நோண்டியிருக்கார். மாப்பிள்ளைக்குக் கை சும்மா இருக்காதே. கழட்டிப் பாத்துட்டுச் சரியா இறுக்காம எடுத்திருக்கார். அவசரம். வேற என்ன?"

வேற என்ன. அந்த இரண்டு வார்த்தையை அவர் ஒரு நிபுணரின் பெருமூச்சோடு சொன்னார். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். விசாரிக்க வந்த அதிகாரியும் தலையை ஆட்டினார். வண்டிக் குழுவினரில் சிலர் வந்திருந்தார்கள். அவர்களும் "இந்த வண்டியில அலட்சியமே கூடாதுங்க" என்றார்கள். நான் கூடத்துக்கு வந்தபோது அதில் ஒருவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, கார்பரேட்டருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று என்னிடம் விசாரித்தார். போய்விடுங்கள் என்றேன். அவருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

மற்றவர்கள் என்ன நினைத்தால் எனக்கென்ன? ஆனால் அத்தையும் நம்பிவிட்டார். மகனின் படத்துக்கு எதிரே உட்கார்ந்து அதைத் திட்ட ஆரம்பித்தார். அழுகையைவிடத் திட்டுதான் அதிகம்.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டியேடா, உன் வண்டியில ஒரு நட்டு உன் கண்ணுக்குத் தெரியலையா? சின்ன வயசுலயும் இப்படித்தான். சட்டைப் பொத்தானைப் போடாம ஓடுவே. பெத்தவ உயிரோட இருக்கும்போது இப்படியா அலட்சியமா போவே? பாவி, படுபாவி."

காலையில் எழுந்ததும் இது. சாப்பிடும்போது இது. என் கணவர் அலட்சியமாக இருந்தவர் அல்ல. வண்டியிலிருந்து ஒரு வாஷரைக் கழற்றினால் அதற்கு ஒரு கிண்ணம் வைப்பவர். கண்ணாடிச் சட்டத்தில் ஊசிமுனைத் திருகாணியை மாட்டிவிட்டு இரண்டு தரம் ஆட்டிப் பார்ப்பவர். அவர் தொடாமல் விட்டது ஒரே ஒரு வேலையைத்தான். யாருடைய வேலை என்பதால் தொடாமல் விட்டாரோ, அந்த ஆள் எங்கள் வாசலில் நின்று அவரை அலட்சியக்காரர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நொறுங்கிய வண்டியைக் கொண்டுவந்து ஷெட்டில் இறக்கினார்கள். இடப்பக்க முன்பகுதி உள்ளே போயிருந்தது. வலப்பக்கம் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் மதியம் அத்தை கண்ணயர்ந்திருந்தபோது சுத்தியலை எடுத்துக்கொண்டு போனேன். என் கணவர் அந்த நட்டை இறுக்கினாரா இல்லையா என்பதைப் பார்க்கப் போகவில்லை. அவர் தொடவே இல்லை என்பது எனக்குத் தெரியும். எதையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

முதலில் வலப்பக்கப் பின் சக்கரம். சக்கரம் முன்னால் சுழலும் திசையில் காதை ஓங்கி அடித்தேன். இரண்டாவது அடியில் கழன்று கொடுத்தது. திரும்ப எதிர்ப்பக்கம் அடித்து இறுக்கினேன். இடப்பக்கப் பின் சக்கரமும் அப்படியே. கையேட்டில் இருந்தபடி.

பிறகு வலப்பக்க முன் சக்கரம். அதே திசையில் அடித்தேன். நட்டு நகர்ந்தது. கழலவில்லை, இறுகியது. இன்னொரு அடி. இன்னும் இறுகியது. எதிர்ப்பக்கம் அடித்தேன். லேசாகக் கழன்று வந்தது.

சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டு நான் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தேன். இடப்பக்கத்து ஹப் வலப்பக்கத்தில் இருந்தது. அப்படியென்றால் வலப்பக்கத்தது இடப்பக்கத்தில் இருந்திருக்கிறது. கல்லு மாதிரி இறுக்கியதென்னவோ உண்மைதான். எவ்வளவு இறுக்கினாலும் ஓட ஓடக் கழலும்படி மாட்டி, அதற்கப்புறம் இறுக்கியிருக்கிறார்.

அண்ணனை வரச்சொன்னேன். நேரே ஷெட்டுக்குக் கூட்டிப்போனேன். முன் நட்டை இரண்டு பக்கமும் அடித்துக் காட்டினேன். அவர் முகம் வெளுக்கும் என்று எதிர்பார்த்தேன். வெளுக்கவில்லை.

"சரியாத்தானே இருக்கு பாப்பா?" என்றார்.

"சரியா?"

"சக்கரம் முன்னாடி சுத்துது. நட்டும் முன்னாடி சுத்தினா இறுகணும். அடிப்படை. மாப்பிள்ளை தட்டுலயும் வாளியிலயும் மாத்தி வெச்சிருந்தார். அப்படின்னா இத்தனை நாளா தப்பா ஓட்டிட்டு இருந்திருக்கார், கடவுள் காப்பாத்தினார். நான்தான் பாத்துச் சரி பண்ணி மாட்டினேன்."

"நீங்களா மாத்தினீங்க? கவனக்குறைவா இல்ல, யோசிச்சா?"

"பின்னே? யோசிக்காம நான் எதைச் செஞ்சிருக்கேன்?"

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"எதுக்கு? இத்தனை வருஷமா தப்பா மாட்டியிருந்தீங்கன்னு முகத்துக்கு நேரா சொன்னா மனுஷன் சங்கடப்படுவார். வீட்டு மாப்பிள்ளை. மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

இவர் சொன்னால் அவருக்குச் சங்கடம். அவர் தட்டிப் பார்த்தால் இவருக்கு முகம் சுண்டும். இரண்டு பெரிய மனிதர்கள் ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டார்கள். என் வீட்டில் ஒரு தட்டு குறைந்துபோனது.

நான் கத்தவில்லை. கத்தினால் பொம்பளைக்குத் துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லிவிடுவார்கள். சுத்தியலை அண்ணன் கையில் கொடுத்தேன்.

"பின் சக்கரத்தைத் தட்டு."

அண்ணனை நான் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தட்டுன்னு சொல்றேன். முன்னாடி பக்கமா."

அடித்தார். கழன்றது. மறுபக்கம் போய் அடித்தார். அதுவும் கழன்றது.

"இதையும் நீ மாத்தினியா?"

"இல்ல. இதை நான் தொடவே இல்ல."

"இத்தனை வருஷமா இந்த வண்டி ஓடுது. நீ தொடாத ரெண்டும் இந்தப் பக்கம் கழலுது. ரெண்டும் வண்டியிலயேதான் இருக்கு. நீ யோசிச்சு மாட்டினதுல ஒண்ணு பாலத்துக்கிட்ட ஓடிப்போச்சு. இன்னொண்ணு நான் முதல்ல தட்டினப்பவே தளர்ந்துதான் இருந்துச்சு. இப்ப சொல்லு, எது அடிப்படை?"

அவர் குனிந்து முன் நட்டின் காதைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருகினார். பின் சக்கரத்துக்குப் போனார். திரும்பி வந்தார். அவருடைய உதடுகள் அசைந்தன, ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி. அந்த நேரத்தில்கூட அவர் கணக்குத்தான் போட்டார். அதற்காகவே அவரை அடித்திருப்பேன். கடைசியில் வண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சேன் பாப்பா."

"தெரியும்."

"நான் வேணும்னு செய்வேனா? நான் உன் அண்ணன்டா."

"அதனாலதான் அவர் தட்டிப் பாக்கல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இரக்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "எழுந்திரு. அத்தைகிட்ட வந்து சொல்லு" என்றேன்.

"அவங்களுக்கு எதுக்கு இப்ப? வயசானவங்க. இதெல்லாம் புரியவும் புரியாது. போனவர் திரும்பி வரப்போறாரா?"

"வரமாட்டார். ஆனா அவர் இருக்கிற இடத்துல தினம் திட்டு வாங்கிட்டு இருக்கார், உன் பேரைச் சொல்லாம."

"நீயே பக்குவமா சொல்லிடேன். நான் வெளிய நிக்கிறேன்."

"வாசல்ல நின்னு ஊருக்கெல்லாம் விளக்கினது நீ. இதையும் நீதான் விளக்கணும். விளக்காம இந்த வீட்டை விட்டுப் போனா, அப்புறம் உனக்கு இங்க தங்கச்சி இல்ல."

அத்தை எழுந்து உட்கார்ந்திருந்தார். அண்ணன் அவருக்கு எதிரே தரையில் அமர்ந்தார். நான் நிலைப்படியில் நின்றுகொண்டேன், அவர் எழுந்து போய்விடாதபடி.

"அம்மா, வண்டியில ஒரு சின்னக் கோளாறு இருந்திருக்கு..."

"சின்னக் கோளாறு இல்ல," என்றேன். "முதல்ல இருந்து சொல்லு."

அவர் தொடங்கினார். மரை, ஹப், திசை என்று சுற்றி வளைத்தார். அத்தை பொறுமையாகக் கேட்டார். பிறகு கையைத் தூக்கி நிறுத்தினார்.

"தம்பி, அதெல்லாம் விடு. என் பிள்ளை அந்த நட்டைக் கழட்டினானா இல்லையா?"

"இல்லம்மா."

"இறுக்காம எடுத்துட்டுப் போனானா?"

"இல்லம்மா. நான்தான் மாட்டினேன். இடம் வலம் மாத்தி மாட்டிட்டேன். அவர் தொடவே இல்ல."

"அவன் மேல தப்பு?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "இல்ல."

அத்தை படத்தின் பக்கம் திரும்பினார். அழுவார் என்று நினைத்தேன். திரும்பியபோது அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத கோபம் இருந்தது. எனக்கு இருந்ததைப் போலவே, அதைவிட அதிகமாக.

"நீ மாத்தி மாட்டினது தெரியாம பண்ணினது. அதை நான் பொறுத்துக்கலாம். பொறுக்க முடியாட்டியும் பொறுத்துக்கலாம்," என்றார். "ஆனா செத்த பிள்ளைய என் வாயாலயே திட்ட வெச்சியே. தினம் அவன் முகத்தைப் பாத்துத் திட்டினேனே. நீ பக்கத்துல நின்னு கேட்டுட்டுத்தானே இருந்தே? ஒரு தடவையாவது அந்தச் சக்கரத்தைப் போய்ப் பாக்கணும்னு உனக்குத் தோணலையா? நம்ம கை பட்ட வேலையாச்சேன்னு தோணலையா?"

அண்ணனிடம் அதற்கு விளக்கம் இல்லை. அவரிடம் விளக்கம் இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான்.

"போ," என்றார் அத்தை. "துக்கம் கேக்க வந்தவங்க அத்தனை பேர்கிட்டயும் போய் இதே மாதிரி சொல்லிட்டு வா. அதுக்கப்புறம் இந்த வீட்டுல உனக்குத் தண்ணி தரலாமா வேணாமான்னு நான் யோசிக்கிறேன்."

அவர் போனார். சொல்லவும் சொன்னார், அதை நான் மறுக்கவில்லை. ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார் என்று அண்ணி வந்து சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். அவளுக்குக் காப்பி கொடுத்தேன். வண்டிக் குழுவிலும் எழுதினார். அதற்குக் கீழே பெரும்பாலும் ஆறுதல் வார்த்தைகள். ஒருவர் மட்டும், ஹப்பை மாற்றி மாட்டினால் ஒன்றும் ஆகாது, தன் வண்டி அப்படித்தான் ஓடுகிறது என்று வாதம் செய்திருந்தார். என் கணவரின் கணக்கிலிருந்து அவருக்கு நான் பதில் எழுதினேன். அச்சில் ஏற்றக்கூடிய பதில் அல்ல. அதன் பிறகு அவர் அந்தக் குழுவில் எதுவும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. சக்கரத்தை மாற்றினாரா இல்லையா என்பதும் தெரியாது.

அத்தை இப்போது படத்தைத் திட்டுவதில்லை. பேசுகிறார். என்ன பேசுகிறார் என்று நான் போய்க் கேட்பதில்லை.

கோபம் குறையும் என்கிறார்கள். யாருக்குக் குறைந்தது என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். அண்ணன் பின்வாசல் வழியாக ஒரு முறை வந்தார். "அந்த வலப்பக்கத்தையாவது கழட்டிச் சரியா வெச்சிடறேன் பாப்பா. அப்படியே விட்டா பாக்க முடியல," என்றார். கையில் சுத்தியல்கூடக் கொண்டுவந்திருந்தார். பார்க்க முடியாவிட்டால் பார்க்க வேண்டாம், ஆனால் அதைத் தொடாதே என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வண்டி ஷெட்டில்தான் நிற்கிறது. வலப்பக்க முன் சக்கரத்தில் இருப்பது இடப்பக்கத்து ஹப்.